ரிமோட் பிள்ளை கைக்குப் போகும் முன்: பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு ஊர்க் கேபிள்காரனின் திறந்த மடல்

தலைவி அக்காவுக்கும், தலைமை ஆசிரியர் அம்மாவுக்கும், குழுவில் இருக்கிற எல்லோருக்கும் வணக்கம்.

என்னை உங்களுக்குத் தெரியும். உங்களில் பாதிப் பேர் வீட்டு மாடியில் ஏறியிருக்கிறேன். மீதிப் பேர் வீட்டு வாசலில் மாதக் காசுக்கு நின்றிருக்கிறேன். இருபத்தாறு வருஷமாக இந்த ஊரில் கேபிள் இழுக்கிறேன். என் மகள் நம் பள்ளியில்தான் ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள்.

போன மாதக் கூட்டத்தில் ஒரு அண்ணன், “பிள்ளைகள் டிவியே கதி என்று கிடக்கிறார்கள், கேபிளைப் பிடுங்கினால்தான் சரிப்படும்” என்றார். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். அன்றைக்கு எனக்கு வாய் எழவில்லை. வீட்டுக்கு வந்து யோசித்ததை எழுதுகிறேன். நம் ஊருக்கு மட்டும் உள்ள பிரச்சினை இல்லை என்பதால் எல்லோரும் படிக்கிற மாதிரியே எழுதுகிறேன்.

நான் கேட்பது ஒன்றுதான். பிள்ளைகள் வீட்டில் பார்ப்பதற்கு வாராவாரம் நாலு நிகழ்ச்சிகளைக் குழு முன்கூட்டியே தேர்ந்தெடுக்க வேண்டும். நாள், நேரம், சேனல் எண்ணோடு அதைப் பள்ளி வாசல் பலகையில் எழுதிப் போட வேண்டும்.

ஏன் முன்கூட்டியே என்று கேட்பீர்கள். சாயங்காலம் ஆறரை மணிக்கு ஒரு வீட்டுக்குள் போய்ப் பாருங்கள். நான் தினம் போகிறேன். அம்மா வேலைக்குப் போய்விட்டு வந்து அடுப்படியில் நிற்பார். அப்பா இன்னும் வந்திருக்க மாட்டார். பாலித்தீன் கவர் போட்டு ரப்பர் பேண்டு சுற்றிய ரிமோட் பிள்ளை கையில் இருக்கும். பெட்டிக்குள் இருநூறுக்கு மேல் சேனல். அதில் எட்டு வயதுப் பிள்ளை நல்லதைத் தேடிப் பிடிக்குமா? முதலில் எதில் சத்தமும் நிறமும் அதிகமோ அதில் நின்றுவிடும். “ஏதாவது நல்லதா வைடா” என்று அடுப்படியிலிருந்து குரல் வரும். எந்த எண்ணில் எத்தனை மணிக்கு என்ன வருகிறது என்று அந்த அம்மாவுக்குத் தெரியாது. சொல்லப்போனால், ரிமோட்டில் ‘கைடு’ என்று ஒரு பொத்தான் இருப்பதே பல வீடுகளில் தெரியாது. அதை அமுக்கினால் அடுத்தடுத்து வரப்போகிற நிகழ்ச்சிகள் வரிசையாக வரும். எல்லாச் சேனலுக்கும் வராது. சிலவற்றில் வெறும் கட்டம்தான் இருக்கும். இருந்தாலும் ஒன்றுமே தெரியாததற்கு அது தேவலாம்.

சட்டம் பார்த்துக்கொள்ளாதா என்று கேட்கலாம். கேபிள் டிவி விதிகள் 1994-இல் வந்தவை. அதிகமான பிள்ளைகள் பார்க்கிற நேரத்தில் பிள்ளைகளுக்குப் பொருந்தாததை ஒளிபரப்பக் கூடாது என்று அதில் இருக்கிறது. எங்கள் தொழிலில் இருக்கிறவர்கள் கட்டுப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் அது கெட்டதைத் தடுக்கத்தான் உதவும். நல்லதைக் கொண்டுவந்து பிள்ளை முன்னால் வைக்க எந்த விதியாலும் முடியாது.

சரி, நல்லது எது? இங்கேதான் எனக்கும் பல பெற்றோருக்கும் ஒத்துவருவதில்லை. படிப்பு நிகழ்ச்சி என்றாலே பாடம் நடத்துவது, அல்லது ஆங்கிலத்தில் பாட்டுப் பாடுவது என்று நினைக்கிறார்கள்.

மேலத்தெருவில் ஒரு வீட்டில் பெட்டி மாற்றப் போனேன். நாலாம் வகுப்புப் பையன் கடல் பற்றிய ஒரு நிகழ்ச்சியைத் தமிழில் பார்த்துக்கொண்டிருந்தான். நான் வயரைப் பிடுங்கியதும் கோபம் வந்துவிட்டது. மூன்று நிமிஷம் பொறு தம்பி என்றேன். அந்த மூன்று நிமிஷமும் எனக்குப் பாடம் எடுத்தான். “மாமா, ஆக்டோபஸுக்கு மூணு இதயம் தெரியுமா? ரத்தம் நீலமா இருக்கும்.” விளையாட்டுக்குச் சொல்கிறான் என்று நினைத்து, அடுத்த நாள் நம் அறிவியல் டீச்சரிடம் கேட்டேன். உண்மைதான். இரண்டு இதயம் செவுள்களுக்கு ரத்தம் அனுப்பும், ஒன்று உடம்பு முழுவதற்கும். ரத்தத்தில் இரும்புக்குப் பதில் செம்பு இருப்பதால் நீலம் என்று டீச்சர் விளக்கினார். பையனின் அம்மாவிடம் சொன்னபோது, “அதுவா, ஏதோ மீன் படம்ணே, படிக்காம அதைத்தான் பார்த்துட்டு இருக்கான்” என்றார்.

அதே தெருவில் இன்னொரு வீடு. அங்கே பிள்ளை ‘படிப்புச் சேனல்’ மட்டும்தான் பார்க்கும் என்று பெருமை. நானும் உட்கார்ந்து பார்த்தேன். கலர் கலராக எழுத்துகள் குதித்துக்கொண்டிருந்தன. பிள்ளை இமை கொட்டாமல் பார்த்தது. முடிந்ததும் “என்ன பாப்பா பார்த்தே?” என்றேன். “தெரியல மாமா” என்றது. நாலு தடவை வெவ்வேறு நாளில் கேட்டுவிட்டேன், அதே பதில்தான்.

அதனால் என் அளவுகோல் ரொம்பச் சின்னது. முடிந்ததும் பிள்ளை எதையாவது சொல்ல வேண்டும், அல்லது எழுந்து போய் எதையாவது செய்ய வேண்டும். இரண்டும் இல்லையென்றால் அது படிப்பு நிகழ்ச்சி என்று பெயர் வைத்திருந்தாலும் பலகையில் ஏறக் கூடாது.

இதைச் சோதித்துப் பார்ப்பது ஒன்றும் புதுசில்லை. அமெரிக்காவில் 1969-இல் தொடங்கிய ‘செசமி ஸ்ட்ரீட்’ என்ற பிள்ளைகள் டிவி நிகழ்ச்சிக்கு எட்வர்ட் பாமர் என்று ஒரு ஆய்வாளர் இருந்தார். பிள்ளைகளை டிவி முன்னால் உட்காரவைத்து, பக்கத்திலேயே இன்னொரு திரையில் ஏழரை விநாடிக்கு ஒரு படம் மாறுகிற மாதிரி வைத்தார். (ஏழரை என்றதும் நமக்கு வேறு ஞாபகம் வரும், விடுங்கள்.) பிள்ளை எந்த இடத்தில் டிவியை விட்டுவிட்டுப் பக்கத்துப் படத்தைப் பார்க்கிறது என்று ஒருவர் குறித்துக்கொண்டே இருப்பார். பிள்ளையின் கண் போய்விட்ட இடம் நிகழ்ச்சியில் பலவீனமான இடம். நிகழ்ச்சி செய்கிறவர்களே அவ்வளவு மெனக்கெட்டிருக்கிறார்கள். நாம் அரை மணி நேரம் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து, கண் எங்கே போகிறது என்று பார்த்தாலே போதும்.

நீளம் பற்றியும் சொல்ல வேண்டும். 1975 ஆகஸ்ட் முதல் ஓராண்டுக்கு, அமெரிக்காவின் ஏடிஎஸ்-6 செயற்கைக்கோள் மூலமாக நம் நாட்டில் ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்கு டிவி காட்டினார்கள். கோழிக்கூண்டு வலை மாதிரிக் கம்பி வலையில் செய்த பெரிய டிஷ். அதன் படத்தை எங்கள் தொழிலில் இருக்கிறவன் பார்த்தால் கண் கலங்கும். தமிழ்நாடு அந்த ஆறில் இல்லை. காலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கான நிகழ்ச்சி. ஒரு மொழிக்கு இருபது நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேலேதான். அவ்வளவுதான் கொடுத்தார்கள். நாம் இன்றைக்கு இரண்டு மணி நேரம் விட்டுவிட்டு, பிள்ளைக்குக் கவனம் இல்லை என்கிறோம்.

கல்வித் தொலைக்காட்சிக்கு வருகிறேன். 2019 ஆகஸ்ட் 26-ஆம் தேதி தொடங்கியது. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகக் கட்டடத்திலிருந்து நடக்கிறது. தொடங்கியபோது அரசு கேபிளில் 200-ஆவது எண். மறு வருஷம் ஊரடங்கு வந்ததும் எனக்கு வந்த போன்களில் பாதி அந்த எண்ணைப் பற்றித்தான். அதுவரை சீரியல் நேரத்தில் சிக்னல் போனால்தான் திட்டு விழும். முதல் தடவையாகப் பகல் பதினொரு மணிக்கு, “அண்ணே, கணக்குப் பாடம் போயிட்டிருக்கு, சீக்கிரம் வாங்க” என்று திட்டு வாங்கினேன். தப்பு என்னுடையதுதான், தெருமுனைப் பெட்டியில் கனெக்டர் லூஸ். ஓடிப்போய் முறுக்கினேன். இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு மரியாதை என் தொழிலுக்குக் கிடைத்ததில்லை.

பள்ளி திறந்த பிறகு யாரும் கேட்பதில்லை. பாடம் வருகிற நேரத்தில் பிள்ளை பள்ளியில் இருக்கிறது, சாயங்காலம் வைத்தால் வேறு வகுப்புப் பாடம் ஓடுகிறது, அதோடு விட்டுவிடுகிறோம். வகுப்பில் பாதி புரிந்த பாடத்தை அதே வாரத்தில் இன்னொரு ஆசிரியர் வாயால் கேட்டால்தான் அதற்குப் பயன். இந்த வாரம் ஐந்தாம் வகுப்பில் பின்னம் நடக்கிறதா, அளவை நடக்கிறதா என்று எனக்கோ அடுப்படியில் நிற்கிற அம்மாவுக்கோ எப்படித் தெரியும்? டீச்சருக்குத்தான் தெரியும். பலகையில் ஒரு வரியாவது அவர்கள் கையெழுத்தில் இருக்க வேண்டும் என்பது அதனால்தான். நேரம் தவறிய பாடம் யூடியூபில் இருக்கிறது, அதன் பெயரையும் எழுதிப் போடலாம்.

யூடியூப் இருக்கும்போது டிவி எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் கேபிள்காரன், அப்படித்தான் பேசுவேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் டிவியில் நிகழ்ச்சி முடியும். முடிந்ததும் பிள்ளைக்குப் பிடிக்காத ஒன்று தொடங்கும், எழுந்து போய்விடும். போனில் ஒன்று முடிவதற்குள் அடுத்தது தயாராக நிற்கிறது. போனில் பார்த்தாலும் பெரியவர் கையில் போன் இருக்கட்டும்.

அப்புறம் கிரிக்கெட். போன வாரம் மேட்ச் பார்க்கும்போது என் மகள் கேட்டாள்: “அப்பா, 4.3 ஓவர்னா நாலரை ஓவர்தானே? அப்போ ஏன் 4.5னு போடல?” எனக்கே ஒரு நிமிஷம் ஆனது. ஓவருக்கு ஆறு பந்து, மூன்று பந்து என்றால் பாதி. அந்தப் புள்ளி கணக்கு நோட்டில் வருகிற தசமப் புள்ளி இல்லை. ஒரு தாளில் ஆறு வட்டம் போட்டு, மூன்றை அடித்துக் காட்டினேன். பிறகு 4.2 ஓவருக்கு ரன் ரேட் அவளே போட்டாள். முதலில் 4.2-ஆல் வகுத்துவிட்டு, திரையில் வந்த எண்ணோடு ஒத்துவரவில்லை என்று திரும்பப் போட்டாள். எந்தப் படிப்புச் சேனலும் கொடுக்காத அரை மணி நேரம் அது. பக்கத்தில் நான் இல்லாமல் இருந்திருந்தால் அதுவும் வெறும் மேட்ச்தான். பலகையில் மேட்சை எழுதச் சொல்லவில்லை, பயப்படாதீர்கள்.

தமிழில் டப்பிங் செய்து வருவதைத் தேர்ந்தெடுக்கும்போது காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்கள். சிலது நன்றாகவே இருக்கும். சிலதைக் கேட்டுவிட்டு எங்கள் தெருப் பிள்ளைகள் ஒருவரையொருவர் “ஓ, அற்புதம் நண்பா! நாம் இப்போது என்ன செய்வது?” என்று கூப்பிட்டுக்கொள்கிறார்கள். சிரிப்பாகத்தான் இருக்கிறது, ஆனால் தேனிப் பக்கத்துப் பிள்ளை வாயில் அது ஒட்டவில்லை.

நேரம் குறிக்கும்போது பாட்டிமார்களை மறந்துவிடாதீர்கள். ஏழு மணிக்குச் சீரியல் என்றால் ஏழு மணிக்குச் சீரியல்தான், அதில் கை வைத்தால் வீட்டில் சோறு கிடைக்காது. பல வீடுகளில் ஒரே டிவி. 2006-இல் தொடங்கி அரசு கொடுத்த 14 அங்குல கலர் டிவி இன்னும் ஓடுகிற வீடு என் லைனிலேயே இருக்கிறது. இரண்டாம் வகுப்பும் ஏழாம் வகுப்பும் ஒரே வீட்டில் இருந்தால் இருவருக்கும் பொதுவான ஒன்று வேண்டும். விலங்குகள், எப்படிச் செய்கிறார்கள் என்று காட்டுகிற தொழிற்சாலை நிகழ்ச்சி, இந்த மாதிரி. ஆறிலிருந்து ஆறரை, அல்லது சனிக்கிழமை காலை. இந்த இரண்டு நேரத்துக்குள் நாலையும் அடக்கிவிடலாம்.

குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும் என்று 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் சொல்வதாகத் தலைமை ஆசிரியர் அம்மாதான் எனக்கு ஒருமுறை சொன்னார். கட்டடம், கழிப்பறை, சத்துணவு என்று பேச நிறைய இருக்கிறது, தெரியும். இதற்குக் கூட்டத்தில் பத்து நிமிஷம் போதும். அடுத்த வாரத்துக்கு எந்தச் சேனலில் என்ன வருகிறது என்ற பட்டியலை வியாழக்கிழமைக்குள் நான் எழுதித் தருகிறேன். இரண்டு பெற்றோர், ஒரு டீச்சர் உட்கார்ந்து நாலைத் தேர்ந்தெடுங்கள். முதல் மாதம் தப்பாகவும் போகும். திங்கட்கிழமை பிள்ளைகளையே கேளுங்கள். யாருமே எதுவும் சொல்லாத நிகழ்ச்சியை அடுத்த வாரம் எடுத்துவிடுங்கள்.

கேபிளைப் பிடுங்கச் சொன்ன அண்ணனையும் அந்த மூவரில் ஒருவராகப் போட்டால் எனக்குச் சந்தோஷம்.

வாசல் பலகையின் கண்ணாடி உடைந்திருக்கிறது, மழை பெய்தால் தாள் நனைந்துவிடும். வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கு வரும்போது அளவெடுத்து, என் செலவில் மாற்றிவிடுகிறேன். ஏணி என்னிடமே இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் ஊர்க் கேபிள்காரன், ஐந்தாம் வகுப்புப் பிள்ளையின் அப்பா