சரக்குக் கூடத்தில் கெட்டுப்போன படிகம்: இறக்குமதிக்கு அனுமதி தரும் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

எங்கள் கல்லூரி இயற்பியல் துறைக்காக வெளிநாட்டிலிருந்து வந்து, உங்கள் சரக்குக் கூடத்தில் தடுத்து வைக்கப்பட்ட பெட்டியைப் பற்றி நீங்கள் அறிவீர்கள். நாங்கள் எழுதிய கடிதங்களும் கிளியரிங் ஏஜென்ட் கொடுத்த விளக்கங்களும் உங்கள் கோப்பிலேயே இருக்கின்றன. டெமரேஜ் (தாமதக் கட்டணம்) கட்டிப் பெட்டியை எடுத்துவிட்டோம். ஆனால் உள்ளே இருந்த சோடியம் அயோடைடு படிகத்தின் அலுமினிய உறையை யாரோ நெம்பித் திறந்து பார்த்துவிட்டு, டேப் ஒட்டி மூடியிருந்தார்கள்.

பெட்டியின் மேல் 'ரேடியேஷன்' என்ற சொல் இருந்ததுதான் காரணம் என்று சொன்னார்கள். ஆனால் இது சிண்டிலேட்டர் படிகம்; கதிர்வீச்சைக் கண்டறிவதற்கானது, வெளியிடுவதற்கானது அல்ல. காமா கதிர் பட்டால் அதில் ஒளி மினுங்கும், அந்த ஒளியை எண்ணுகிறோம், அவ்வளவுதான். லுட்டீசியம் கலந்த சில படிகங்களில் இயற்கையாகவே கொஞ்சம் கதிரியக்கம் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். எங்கள் பெட்டியில் அப்படி எதுவும் இல்லை. கதிர்வீச்சை அளக்கும் கைக்கருவியான சர்வே மீட்டரைப் பக்கத்தில் காட்டியிருந்தால் சில நிமிடங்களில் தெரிந்திருக்கும்.

சோடியம் அயோடைடு காற்றின் ஈரத்தை உறிஞ்சும். 1948இல் அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் ஹாஃப்ஸ்டாட்டர் தாலியம் சேர்த்த இந்தப் படிகத்தை அறிமுகப்படுத்தியதிலிருந்து, இதைக் காற்றுப் புகாத உறையில் அடைத்துத்தான் விற்கிறார்கள். கடலோர ஊரின் சரக்குக் கூடத்தில் உறை திறந்தால், மழைக்காலத்தில் மூடாமல் விட்ட உப்பு மாதிரிதான். எங்களுடையது மஞ்சளித்து, ஓரத்தில் விரிசலும் விட்டிருக்கிறது.

இதனால் என்ன நஷ்டம் என்று சொல்கிறேன். கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருள் இரண்டு காமா கதிர்களை விடும். ஒன்றின் ஆற்றல் 1173 கிலோ எலக்ட்ரான் வோல்ட், இன்னொன்றினுடையது 1332. நல்ல படிகத்தை வைத்து எடுத்த வரைபடத்தில் இவை இரண்டு முகடுகளாகத் தனித்தனியாகத் தெரியும். எங்கள் முதுகலை மாணவி அந்தப் படிகத்தை வைத்து எடுத்த வரைபடத்தில் இரண்டும் சேர்ந்து ஒரே மேடாகக் கிடக்கின்றன. அவளுடைய ஆய்வேடு இந்த அளவீட்டை நம்பித்தான் இருந்தது. மார்ச் 31 தாண்டிவிட்டது, நிதி திரும்பிப் போய்விட்டது, இன்னொரு படிகம் வாங்க வழியில்லை. நியூட்ரான்களைக் கண்டறிய வாங்கிய ஸ்டில்பீன் என்ற இன்னொரு வகைப் படிகம் மட்டும் எப்படியோ தப்பித்தது. நியூட்ரான் புரோட்டானைத் தள்ளும்போது எழும் ஒளி, காமா எலக்ட்ரானைத் தள்ளும்போது எழுவதைவிடச் சற்று மெதுவாக அடங்கும். அந்த வித்தியாசத்தை வைத்து இரண்டையும் பிரிக்க அவள் கற்றுக்கொண்டிருக்கிறாள்.

ஆகவே கேட்கிறேன்: உறையைத் திறக்கும் முன் எங்களைக் கூப்பிடுங்கள்.

2010இல் தில்லி மாயாபுரியில் பழைய இரும்போடு இரும்பாக கோபால்ட்-60 வந்து சேர்ந்து, ஒரு தொழிலாளி இறந்தார். ஒரு பல்கலைக்கழகம் ஏலத்தில் விட்ட பழைய கருவியிலிருந்து வந்தது அது. கதிர்வீச்சு என்று தெரியாமலேயே மனிதர்கள் அதைக் கையால் தொட்டார்கள். அப்படி இன்னொன்று நடக்காமல் தடுக்க, கருவியைக் கையாளவும் வரைபடத்தைப் படிக்கவும் தெரிந்தவர்கள் வேண்டும். அவர்கள் எங்கே உருவாவார்கள்? எங்களைப் போன்ற கல்லூரிகளின் ஆய்வகங்களில்தான். டிராம்பேயில் பாபா அணு ஆராய்ச்சி மையம் சிண்டிலேட்டர் படிகங்களை வளர்க்கிறது, ஊட்டி காஸ்மிக் கதிர் ஆய்வகத்தில் பிளாஸ்டிக் சிண்டிலேட்டர்களைச் செய்கிறார்கள். இவ்வளவு திறமை உள்ள நாட்டில் ஒரு சின்னக் கல்லூரி இறக்குமதியை நம்பியிருப்பதே வேதனை. வந்த பொருளும் வாசலில் பாழாவதை எப்படிப் பொறுத்துக்கொள்வது?

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னிக்கவும். சோதனை வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. உங்கள் பொறுப்பு பெரியது என்று தெரியும். முதலில் சர்வே மீட்டரால் பாருங்கள். படிகப் பெட்டிகளை வெயில் படாத, குளிரூட்டிய அறையில் வையுங்கள். திறந்தே ஆக வேண்டுமென்றால், தயவுசெய்து முதலில் எங்களைக் கூப்பிடுங்கள். எந்த நேரமானாலும் எங்கள் துறையிலிருந்து ஒருவர் வருவார்.

இதை எழுத்து வடிவில் ஒரு நடைமுறையாக வெளியிடும்படி பணிவோடு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
இயற்பியல் ஆசிரியர் ஒருவர்