லொஃப்டில் கிடக்கும் கடற்படைக்காரரின் காகிதங்களை ஸ்கிப்பில் போடாதீர்கள்

பிரித்தானியாவில் பழைய வீடு வாங்கித் திருத்துகிற எங்கள் ஆட்களுக்கு,

வணக்கம். முக்கியமாக பிளிமத், போட்ஸ்மத், சாதம் பக்கம் வீடு வாங்கியவர்கள் இதைக் கொஞ்சம் வடிவாக வாசியுங்கள். அந்த மூன்றும் கடற்படை ஊர்கள். அங்கே ஒரு கிழவர் இறந்து, பிள்ளைகள் தூரத்தில் இருந்து, வீடு சாமான்களோடேயே விலைப்பட்டால், கூரைக்குக் கீழே இருக்கிற லொஃப்டில் ஒரு பிஸ்கட் தகரமோ றங்குப்பெட்டியோ கிடக்கத்தான் செய்யும். நாங்கள் என்ன செய்கிறோம்? பதக்கத்தையும் படத்தையும் எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்தை "சும்மா பேப்பர்" என்று ஸ்கிப்பில், அதாவது வாசலில் வைக்கிற பெரிய குப்பைத் தொட்டியில் கொட்டுகிறோம்.

போன மாரியில் தெரிந்த ஒருவர் பிளிமத்தில் வாங்கிய வீட்டைக் காலிசெய்ய நானும் கைகொடுக்கப் போனேன். நான் போய்ச் சேர முன்னமே பதக்கங்கள் பழைய சாமான் விற்கிற கார் பூட் சந்தைக்குப் போய்விட்டன, இரண்டு கப்பல் படங்களும் அதோடு போய்விட்டன. காகிதக் கட்டு மட்டும் பழைய கார்ப்பெட்டுக்குக் கீழே, ஸ்கிப்புக்குள் கிடந்தது. மழை வரமுதல் எடுத்தது தப்பிற்று.

முதலில் அந்தப் பதக்கக் கதையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது பலருக்குத் தெரியாது. இரண்டாம் உலகப் போருக்குப் பிரித்தானியா கொடுத்த நட்சத்திரப் பதக்கங்களில் வாங்கியவரின் பெயர் பொறிக்கப்படவில்லை. முதலாம் போர்ப் பதக்கத்தின் விளிம்பில் பெயர் இருக்கும், இதில் இராது. சின்ன மட்டைப் பெட்டியில் தபாலில் அனுப்பினார்கள், அந்தப் பெட்டியில் எழுதிய விலாசம்தான் ஒரே பெயர். பெட்டியை எறிந்துவிட்டுப் பதக்கத்தை விற்றால், நீங்கள் விற்றது யாருடையதும் இல்லாத ஒரு செப்புத் துண்டு. காசு பார்க்க நினைப்பவர்களுக்குக்கூட இது நட்டம்தான், அதை விடுங்கள்.

சரி, கட்டுக்குள் என்ன இருந்தது? நாலாக மடித்த தடித்த தாள் ஒன்று, அதுதான் சேவைச் சான்றிதழ். எந்தக் கப்பலில் எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதி வரை என்று வரிசையாக எழுதியிருக்கும். ஒவ்வொரு வருடமும் நடத்தைக்கு ஒரு குறிப்பு, "வி.ஜி." என்றால் மிக நன்று. தாளின் ஒரு மூலையை முதலில் பாருங்கள். கெட்ட பெயரோடு வெளியேற்றப்பட்டவரின் சான்றிதழில் அந்த மூலையை வெட்டிவிட வேண்டும் என்று தாளிலேயே அச்சடித்திருப்பார்கள், அதற்குப் பிறகு அந்த மனிதன் எங்கே வேலை கேட்டுப் போனாலும் வாயைத் திறக்க முன்னமே தாள் காட்டிக்கொடுத்துவிடும். இந்தக் கட்டுக்குச் சொந்தக்காரரான கடற்படைக்காரரின் தாளில் மூலை பத்திரமாக இருந்தது. இவர் ஸ்டோக்கர், அதாவது கொதிகலன் அறைக்காரர். கரி அள்ளியவர் அல்ல, அவருடைய கப்பல் எண்ணெயில் ஓடியது. அப்புறம் ஒரு சின்ன அட்டையில் "டி" என்ற எழுத்து. நாளாந்த ரம் வேண்டாம் என்றவர்களுக்கு அந்த எழுத்து, பதிலுக்கு நாளுக்கு மூன்று பென்னி கிடைத்தது. ரம் குடித்தவர்களுக்கு "ஜி", இருபது வயது ஆகாதவர்களுக்கு "யு.ஏ.". ஒரு எழுத்திலேயே ஆளின் குணம் கொஞ்சம் தெரிகிறதா இல்லையா.

கப்பல் பெயர்களில் ஒரு பொறியும் உண்டு. "விக்டரி" என்று இருந்தால் பழைய கடற்படைத் தளபதி நெல்சனின் கப்பலில் இருந்தார் என்று துள்ளாதீர்கள், அது போட்ஸ்மத் முகாமின் பெயர். "ட்ரேக்" என்றால் பிளிமத் டெவன்போட், "பெம்புறோக்" என்றால் சாதம். கரையில் இருக்கிற முகாமுக்கும் கப்பல் பெயர் வைப்பது அவர்கள் வழக்கம். எங்கள் பக்கத்திலும் வைத்தார்கள். "ஹைஃப்ளையர்" திருகோணமலை (அவர்கள் வாயில் "டிரிங்கோ"), "பம்பாரா" சீனக்குடா விமானத்தளம், "கருடா" கோயம்புத்தூர், "வல்லூறு" தாம்பரம். இந்தப் பெயர்களில் ஒன்றைக் கண்டால் அந்த ஆள் எங்கள் வெயிலில் வேர்த்தவர் என்று வையுங்கள்.

இவருடைய தாளில் அதெல்லாம் இல்லை. ட்ரேக், வேலியன்ட், ட்ரேக், மறுபடியும் வேலியன்ட். அவ்வளவுதான். வேலியன்ட் ஒரு போர்க்கப்பல், அதில் முதலாவது தடவை 1940 தொடக்கத்திலிருந்து 1942 வரை, இரண்டாவது 1943 இலிருந்து 1944 வரை. ஒரே சொல் இரண்டு முறை. அதற்குள் என்ன கிடக்கிறது என்று பாருங்கள். 1940 ஜூலை 3 அன்று அல்ஜீரியாவின் மேர்ஸ்-எல்-கெபீர் துறைமுகத்தில், சில வாரத்துக்கு முன் கூட்டாளியாக இருந்த பிரெஞ்சுக் கடற்படையைச் சுட்ட கப்பல்களில் வேலியன்ட்டும் ஒன்று. அன்று செத்த பிரெஞ்சுக்காரர் 1,297 பேர். 1941 மார்ச்சில் கிரேக்கத்துக்குக் கிட்ட நடந்த மாத்தபான் இரவுச் சண்டையில் அந்தக் கப்பலின் தேடுவிளக்கைக் கவனித்தவர் பின்னாளில் எலிசபெத் மகாராணியைக் கட்டிய பிலிப். மேலே இளவரசர் வெளிச்சம் பிடிக்க, கீழே எங்கள் ஸ்டோக்கருக்குத் தெரிந்தது அழுத்தமானி மட்டும். அதே வருடம் டிசம்பர் 19 அன்று அலெக்சாந்திரியாவில் இத்தாலியச் சுழியோடிகள் அடியில் வெடி வைத்து, கப்பல் துறைமுகத் தரையில் உட்கார்ந்தது. அதை எதிரிக்குத் தெரியாமல் மறைத்தார்கள்.

அந்த மாதம் அவர் தாய்க்கு எழுதிய கடிதமும் கட்டில் இருந்தது. நத்தார், குளிர், சாப்பாடு என்று எழுதியிருக்கிறார், வெடி பற்றி ஒரு சொல்லும் இல்லை. எழுதவும் முடியாது, கப்பலின் அதிகாரிகளே கடிதங்களை வாசித்துத்தான் விடுவார்கள். கடிதத்தை மட்டும் வைத்திருந்தால் அது வெறும் சுகநலம். சான்றிதழை மட்டும் வைத்திருந்தால் வெறும் பெயர்ப் பட்டியல். இரண்டையும் பக்கத்தில் வைத்தால்தான், தரை தட்டிய கப்பலுக்குள் இருந்துகொண்டு இந்தப் பொடியன் அம்மாவிடம் நத்தாருக்கு என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்டிருக்கிறான் என்பது விளங்குகிறது. கட்டைப் பிரிக்காதீர்கள் என்று நான் கத்துவது இதற்குத்தான்.

இனி என்னை ஆட்டிய கடிதம். 1944 ஓகஸ்ட் நடுப்பகுதி. ஊர்ப் பெயர் இல்லை. சரியான வெக்கை, கப்பலுக்கு ஒரு சின்னக் கரைச்சல், சிலவேளை வீட்டுக்கு வருவேன் என்று மூன்று வரி. எனக்கு உடனே தெரிந்துவிட்டது, ஏனென்றால் என்னுடைய அப்பப்பா திருகோணமலை நேவல் டொக்யாட்டில் வேலை செய்தவர். 1944 ஓகஸ்ட் 8 அன்று வேலியன்ட்டைத் தூக்கிக்கொண்டிருந்த மிதக்கும் டொக் உடைந்து அமிழ்ந்தது. கப்பலின் பின்பக்கம் பலத்த சேதம், அதற்குப் பிறகு அது போருக்கே போகவில்லை, 1948 இல் உடைக்க விற்றார்கள். டொக் இன்றும் எங்கள் துறைமுகத்துத் தண்ணீருக்குள்தான் கிடக்கிறது. அந்த இரும்புச் சத்தத்தைப் பற்றி அப்பப்பா சாகும்வரை கதைத்தார். அதே சத்தத்தைக் கப்பலுக்குள் இருந்து கேட்டவரின் எழுத்து, பிளிமத்தில் ஒரு ஸ்கிப்புக்குள்.

ஆகவே கேட்பது இவ்வளவுதான். தகரத்தை அப்படியே மூடி வையுங்கள். லெமினேட் பண்ணாதீர்கள், செலோடேப் ஒட்டாதீர்கள், மடிப்பைப் பலவந்தமாக நீட்டாதீர்கள். உறைகளையும் எறிய வேண்டாம், முத்திரைத் திகதி அதில்தான் இருக்கிறது. வீட்டை விற்ற சட்டத்தரணி மூலம் குடும்பத்தைக் கேளுங்கள். அவர்களும் வேண்டாம் என்றால் போட்ஸ்மத் கடற்படை அருங்காட்சியகத்தையோ உங்கள் கவுண்டி ஆவணக் காப்பகத்தையோ கேட்டுப் பாருங்கள். கப்பலின் நாட்பதிவுகள் கியூ தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன, ஆனால் அதில் அம்மாவுக்கு எழுதிய கடிதம் இராது.

இந்தக் கட்டை அந்த ஸ்டோக்கரின் மகளிடம் சேர்த்துவிட்டேன். எழுபது தாண்டிய மனுசி. அப்பா போரைப் பற்றி வாயே திறந்ததில்லையாம். ஆனால் வீட்டில் வளர்த்த நாய்களுக்கெல்லாம், ஒன்று செத்து மற்றது வந்தாலும், "டிரிங்கோ" என்றே பெயர் வைத்தாராம், ஏன் என்று யாரும் கேட்கவில்லையாம். பதக்கங்களை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.