ஊர்ப் பொதுமக்கள் உபயம்

அன்புள்ள சுமதிக்கு,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. போனில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் நாம் பேச ஆரம்பித்தால் ஐந்தாவது நிமிடம் உன் வீட்டில் குக்கர் கத்தும், இல்லையென்றால் என் வீட்டில் ஆடு கத்தும். நீ கேட்டிருக்கும் விஷயத்தை அரைகுறையாகச் சொல்ல முடியாது.

முதலில் வீட்டுச் செய்தி. அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. ஆனாலும் விடியற்காலையில் கடைத்தெருவுக்கு நடந்துபோய்ச் செய்தி சேகரித்து வருவது நிற்கவில்லை. இந்த வருடம் உளுந்தும் பாசியும் விதைத்திருக்கிறோம். மக்காச்சோளம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், பன்றிக்குப் பயிர் வைத்தது போதும். பெரியவள் பிளஸ் ஒன் படிக்க எட்டயபுரம் போய் வருகிறாள். சின்னவன் இன்னும் ஊர்ப் பள்ளியில்தான், ஆறாம் வகுப்பு.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். திருப்பூருக்குப் போய் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்துக்கொண்டிருந்தவள் திடீரென்று பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவராகிவிட்டாய். படிக்கும் பிள்ளையின் தாய்தான் தலைவராக வேண்டும் என்று விதி இருப்பதால் நமக்கெல்லாம் வந்த வாழ்வு இது. ஆகஸ்டில் குழுவை மாற்றியமைத்தபோது முன்னாள் மாணவர்களையும் சேர்த்தார்களே, உங்கள் குழுவில் யார் யார் வந்திருக்கிறார்கள்? எங்கள் ஊரில் என்னையே மறுபடியும் உட்கார வைத்துவிட்டார்கள். "பெற்றோரிடம் பள்ளிக்காக எப்படிக் காசு கேட்பது?" என்று எழுதியிருக்கிறாய். எப்படிக் கேட்கக் கூடாது என்று எனக்கு நன்றாகத் தெரியும். அதை முதலில் சொல்கிறேன்.

2022-இல் நான் புதிது. மின்விசிறி இரண்டு ஓடவில்லை, சத்துணவுத் தட்டு பாதி நசுங்கிக் கிடந்தது. தலைக்கு 200 ரூபாய் என்று குழுவில் பேசினோம். காலை வழிபாட்டில் பிள்ளைகளிடம் சொன்னோம், ஒரு சீட்டும் கொடுத்தனுப்பினோம். சீட்டில் என் கையெழுத்தும் இருந்தது. ஒரு வாரம் கழித்து வகுப்பில், கொண்டுவராதவர்கள் எழுந்து நில்லுங்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி மூன்று நாள் பள்ளிக்கு வரவில்லை. நான்காம் நாள் அவள் அம்மா, தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்ப்பவள், என் வீட்டுக்கு வந்தாள். சண்டை போடுவாள் என்று நினைத்தேன். முந்தானையில் முடிந்திருந்த பத்தும் இருபதுமாக 200 ரூபாயை எண்ணித் திண்ணையில் வைத்தாள். "பிள்ளைய இனிமே எந்திரிச்சு நிக்க வைக்காதீங்க அக்கா" என்று மட்டும் சொன்னாள்.

அந்தக் காசை நான் வாங்கவில்லை. வாங்கியிருந்த மற்றவர்கள் காசையும் திருப்பிக் கொடுத்தோம். பிற்பாடு தலைமை ஆசிரியரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்: 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தில் 13-ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. பிள்ளையைச் சேர்க்கும்போது நன்கொடை என்ற பேரில் பணம் வாங்கினால் வாங்கியதைப்போல் பத்து மடங்கு வரைக்கும் அபராதம் போடலாம். நாங்கள் செய்தது சேர்க்கை நேரத்தில் இல்லை. அதனால் சட்டம் பிடிக்காமல் இருந்திருக்கலாம். ஆனால் அந்தப் பெண் மூன்று நாள் வீட்டில் உட்கார்ந்திருந்ததற்குச் சட்டத்தில் இடம் தேடி என்ன செய்ய? எனவே சுமதி, எதை மறந்தாலும் இதை மறக்காதே. காசு கேட்கும் பேச்சு பிள்ளைகள் காதில் விழக் கூடாது. வகுப்பு வாட்ஸ்ஆப் குழுவில்கூடப் போடாதே. அந்தப் போனைப் பார்ப்பதும் பிள்ளைகள்தான்.

அதற்குப் பிறகு ஒரு வருடம் நான் வாயே திறக்கவில்லை. அப்புறம் ஒரு பழைய பொருள்தான் எனக்கு வழி காட்டியது. நாம் மூன்றாம் வகுப்பில் ஒளிந்து விளையாடுவோமே, அந்தச் சாக்பீஸ் பீரோ நினைவிருக்கிறதா? ஒரு கால் ஆடும், செங்கல் முட்டுக் கொடுத்திருக்கும். வெள்ளையடிக்க அதை நகர்த்தியபோது பக்கவாட்டில் எழுத்து தெரிந்தது. துடைத்துப் பார்த்தால் "ஊர்ப் பொதுமக்கள் உபயம் 1959". அவ்வளவுதான். ஒரு தனி ஆள் பெயர் கிடையாது.

தலைமை ஆசிரியர் அதைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டார். காமராஜர் முதலமைச்சராகவும் நெ.து.சுந்தரவடிவேலு கல்வித்துறை இயக்குநராகவும் இருந்தபோது, 1958-இல் திருவள்ளூர்ப் பக்கம் கடம்பத்தூரில் பள்ளிச் சீரமைப்பு மாநாடு ஒன்று நடந்ததாம். ஒவ்வொரு பள்ளிக்கும் என்ன குறை என்று பட்டியல் எடுத்து, அந்த ஊர் மக்கள் முன்னால் வைத்துக் கேட்டார்கள். நிலம், கட்டடம், பெஞ்சு, கடிகாரம் என்று மக்கள் கொண்டுவந்து கொடுத்தார்கள். அதன்பின் மாநாடு ஊர் ஊராகப் பரவியிருக்கிறது. பக்கத்து எட்டயபுரத்திலேயே 1956-இல் மதிய உணவு தொடங்கியபோதும் முதலில் ஊர்க்காரர்கள் கொடுத்த தானியத்திலும் காசிலும்தான் உலை வைத்தார்கள். இதெல்லாம் பாடப் புத்தகச் சேதி என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். செங்கல் முட்டுக் கொடுத்த பீரோவாக நம் வகுப்பிலேயே நின்றிருக்கிறது.

பட்டியல் எடுத்து, மக்கள் முன்னால் வைத்து. இந்த இரண்டைத்தான் நாங்கள் விட்டிருந்தோம். இந்த வருடம், 2024-இல், பொங்கல் முடிந்ததும் ஒரு பழுப்புத் தாளில் தேவையான பொருளையும் விலையையும் எழுதிப் பால் சொசைட்டிச் சுவரில் ஒட்டினோம். எவர்சில்வர் தட்டு ஒன்று 90 ரூபாய், மின்விசிறி 1,800, சுவர்க்கடிகாரம் 350, இப்படி. தலைக்கு இவ்வளவு என்ற பேச்சே இல்லை. பள்ளி நிதி என்றால் அது எங்கோ போகிற காசு. 90 ரூபாய்த் தட்டு என்றால் அதில் யாரோ ஒரு பிள்ளை சாப்பிடும். மூன்று பெண்கள் சேர்ந்து தலைக்கு 30 போட்டு ஒரு தட்டு வாங்கித் தந்தார்கள். கொத்தனார் ஒருவர், "காசு இல்ல, ஒரு நாள் வேலை தாரேன்" என்று சொல்லி, சமையலறைத் திண்ணையைப் பூசிக் கொடுத்தார். கடைசிவரை பட்டியலில் மீந்தது பசங்கள் கேட்ட கேரம்போர்டுதான். விளையாட்டுக்கு எதற்குக் காசு என்று ஊரில் நினைப்பு. அதையும் மாமியாரிடம் சொல்லாமல் ஒரு மருமகள் வாங்கித் தந்துவிட்டாள்.

எப்போது கேட்கிறோம் என்பதும் முக்கியம். எங்களுக்கு உளுந்து, பாசி விற்றுக் கையில் நாலு காசு புரள்வது தையிலும் மாசியிலும்தான். தீப்பெட்டி ஆபீஸ் பெண்களுக்குச் சனிக்கிழமைதான் சம்பளம். திங்கட்கிழமை போய்க் கேட்டால் நமக்குத்தான் அசிங்கம். உன் ஊரில் தீபாவளி போனஸ் வந்ததும் போனதும் ஒன்றாக இருக்கும், இப்போது எல்லோரும் கடனில் நிற்பார்கள். பொங்கல் கழியட்டும்.

பட்டியல் ஒட்டிய அதே மாதம்தான் மதுரைப் பூரணம் அம்மாள் செய்தி டிவியில் ஓடியது. பார்த்திருப்பாய். வங்கியில் வேலை பார்க்கிற அம்மா. இறந்துபோன மகள் நினைவாகக் கொடிக்குளம் பள்ளிக்கு ஒரு ஏக்கர் 52 சென்ட் நிலத்தை எழுதிக் கொடுத்தார். பல கோடி மதிப்பு. குடியரசு தினத்தில் முதலமைச்சர் விருது கொடுத்துக் கௌரவித்தார். அழாமல் அந்தச் செய்தியைப் பார்க்க முடியவில்லை. ஆனால் மறுநாள் என்ன நடந்தது தெரியுமா? 50 ரூபாய் தருவதாகச் சொன்ன இரண்டு பேர் தயங்கிவிட்டார்கள். "கோடி கோடியா குடுக்கிறாங்க, நம்ம அம்பது ரூவாய எங்க கொண்டுபோய் வைக்க?" என்றார்கள். பெரிய மனது படைத்த ஒருவருடைய கதை இன்னொருவர் கையைக் கட்டிப்போடும் என்று நான் யோசித்ததே இல்லை. அன்று மாலையே அவர்களைப் பள்ளிக்குக் கூட்டி வந்து அந்தப் பீரோவைக் காட்டினேன். "இதில் யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று சொல்லுங்கள் பார்ப்போம்" என்றேன். தோட்டக்காரர் வீட்டுப் பாட்டி மட்டும் சொன்னாள்: "எங்கய்யா ஒரு மரக்கா கம்பு குடுத்தாரு." கம்பு பீரோவான கணக்கு அவளுக்கு மட்டும் தெரியும்.

பெயர் விஷயத்தில் ஒரு சண்டையும் நடந்தது. வசதியான ஒருவர் வாசலில் வளைவு கட்டித் தருகிறேன், என் அப்பா பெயர் போட வேண்டும் என்றார். பட்டியலில் வளைவு இல்லை, குடிதண்ணீர்த் தொட்டிதான் இருக்கிறது என்றோம். கோபித்துக்கொண்டு போய்விட்டார். இன்னும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நான் செய்தது சரியா என்று இன்றுவரை முழு நிச்சயம் இல்லை. தொட்டிக்காவது அவர் பெயரைப் போடுகிறோம் என்று இறங்கிப் போயிருக்கலாமோ என்று தோன்றும். கல்யாண வீட்டில் மைக் வைத்து மொய் வாசிக்கிறார்களே, அந்த வழக்கம் பள்ளிக்குள் வந்துவிட்டால், குறைவாகக் கொடுத்தவன் அடுத்த முறை வரமாட்டான் என்ற பயம் எனக்கு.

இன்னொன்று. எல்லாவற்றுக்கும் பெற்றோரிடம் கை நீட்டாதே. கழிப்பறை, கட்டடம், ஆசிரியர் பணியிடம் இதெல்லாம் அரசாங்கத்தின் வேலை. அதற்கு நாம் வசூல் செய்தால் அவர்கள் நிம்மதியாக மறந்துவிடுவார்கள். எங்கள் குழுத் தீர்மானங்களை நாங்கள் கிராம சபையில் வைக்கிறோம். உனக்கு மாநகராட்சி என்பதால் வார்டு கவுன்சிலரைப் பிடி. கொஞ்சம் பெரிய தேவை என்றால் 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' இருக்கிறது. வெளியூரில், வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர்கள் தங்கள் பள்ளியைத் தேர்ந்தெடுத்து இணையம் வழியாகவே கொடுக்கலாம். யார் பணத்தைக் கையில் வாங்குவது என்ற தலைவலி உனக்கு இருக்காது.

உன் பள்ளியில் பீகார், ஒடிசாப் பிள்ளைகள் நிறைய என்றாய். அவர்களிடம் கேட்பதா வேண்டாமா என்று கேட்டிருந்தாய். பட்டியலை இந்தியிலும் எழுதி ஒட்டு, அவ்வளவுதான். கேட்காமல் விட்டால் அவர்களை விருந்தாளியாகவே வைத்திருக்கிறோம் என்று அர்த்தம். ஆனால் வாடகையும் அட்வான்சும் கட்டித் திணறுபவர்கள், வீடு தேடிப் போய் நிற்காதே.

சேர்ந்த பொருளையெல்லாம் மாசியில் கல்விச் சீராகப் பள்ளிக்குக் கொண்டுபோனோம். நீ வராமல் போனாயே! தாம்பாளத்தில் பழம், பூ, தேங்காயோடு மின்விசிறியும் தட்டும் குடமும் ஏந்திப் பெண்கள் முன்னால், மேளம் பின்னால். கொத்தனார் கரணையில் மாலை சுற்றி எடுத்து வந்தார். திண்ணையில் காசு எண்ணி வைத்தவளும் வந்தாள். கையில் ஒரு தட்டு. நான் கேட்கவில்லை, அவளும் ஒன்றும் சொல்லவில்லை. அவள் மகள் வரிசையில் முன்னால் ஓடி வந்து அம்மா கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

மொத்தம் 23,870 ரூபாய் சேர்ந்தது. பில்லை எல்லாம் பட்டியலுக்குப் பக்கத்திலேயே ஒட்டினோம். ஒரு பில்லில் 140 ரூபாய் இடித்தது. டீக்கடையில் இரண்டு நாள் அதுதான் பேச்சு. கடையில் போய்த் திருத்தி வாங்கி வந்து, பழையதைக் கிழிக்காமல் அதன்மேலேயே ஒட்டினேன். நீயும் வாங்கிய அன்றே ஒட்டிவிடு, மாதக் கடைசிக்கு வைக்காதே.

நீ அனுப்பிய 1,000 ரூபாய்க்கு நாங்கள் என்ன வாங்கினோம் என்று கடைசி வரியில் வம்புக்குக் கேட்டிருக்கிறாய். பதினோரு தட்டு, 990 ரூபாய். மிச்சம் பத்து ரூபாய்க்குப் பசை வாங்கி அந்த பில்களை ஒட்டினோம். பசைக்கு மட்டும் பில் இல்லை, சுமதி. பொங்கலுக்கு வரும்போது நேரில் கேட்டுக்கொள்.

உன்,
தேவி