சூளைப் பிள்ளைகளின் கதைக்கு ஒரு பாடவேளை கொடுங்கள்

பள்ளிக் கல்வித்துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கல் சூளைகளுக்கு ஒவ்வோர் ஆண்டும் ஒடிசாவின் பலாங்கீர், நுவாபடா பக்கமிருந்து குடும்பங்கள் வருகின்றன. மழைக்கு முன் ஊர் திரும்பிவிடுவார்கள். கூடவே பிள்ளைகளும். சூளையை ஒட்டிய அரசுப் பள்ளி ஒன்றில் கதை சொல்லப் போய்வருகிறவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

வந்திறங்கிய பிள்ளைக்கு முதலில் 'அ, ஆ' காட்டுகிறோம். ஊரும் பேச்சும் சாப்பாடும் மாறிப்போன பிள்ளை வாயே திறப்பதில்லை. எழுத்தைக் காட்டும் முன், அந்தப் பிள்ளைக்குத் தெரிந்த ஒரு கதையைச் சொல்லவிட்டுக் கேளுங்கள்.

எங்கள் வகுப்பில் ஒரு சிறுமி ஒடியாவிலேயே கதை சொன்னாள். ஒரு பையனைத் தன் தோளைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி மெல்ல நகர்ந்தாள். பாதி வழியில் நின்று, அவன் நெஞ்சைத் தொட்டுக் காட்டிவிட்டுக் கையை மேலே நீட்டினாள். "டேய், குரங்கும் முதலையும்டா!" என்று பின்வரிசையில் ஒருவன் கத்தினான். அப்புறம் அவள் ஒடியாவில் ஒரு வரி, வகுப்பு தமிழில் ஒரு வரி. மரம், பழம், ஆறு எல்லாம் அன்றே அவள் வாயில் வந்துவிட்டன.

இந்தக் கதைக்குப் பயணம் புதிதல்ல. இது இடம்பெற்ற பஞ்சதந்திரம் 6ஆம் நூற்றாண்டில் பாரசீகத்துக்குப் போனது. 8ஆம் நூற்றாண்டில் இப்னு அல்முகஃபா என்ற எழுத்தாளர் அதை அரபியில் எழுதினார். அங்கே முதலை ஆமையாயிற்று, நாவல் மரம் அத்தி மரமாயிற்று. நெஞ்சை மரத்திலேயே விட்டுவந்துவிட்டேன் என்று குரங்கு தப்பிப்பது மட்டும் மாறவில்லை. கேட்பவர் ஊர் மரத்துக்கும் விலங்குக்கும் இடம் கொடுத்ததால்தான் அது அவ்வளவு தூரம் போயிற்று.

அதனால் கேட்கிறேன்: சூளைப் பகுதிப் பள்ளிகளில் வாரம் ஒரு பாடவேளையைக் கதைக்கென்றே ஒதுக்குங்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான உங்கள் வாசிப்பு இயக்கத்தின் சின்னப் புத்தகங்களில் சிலவற்றை ஒடியாவும் தமிழும் ஒரே பக்கத்தில் வருமாறு அச்சிடுங்கள். எழுத்தே இல்லாத படக்கதைகளும் வேண்டும். செங்கல் அறுக்கும் தாய்மார்களை, வேலையில்லாத நாளாகப் பார்த்து அழைத்துக் கதை சொல்ல வையுங்கள். அவர்களிடம் இருக்கும் கதைகள் எந்தப் பாடநூலிலும் இல்லை. தயவுசெய்து கடைசியில் 'இக்கதையின் நீதி என்ன?' என்று கேட்டு மதிப்பெண் போட வேண்டாம். அந்தக் கேள்வி வந்த உடனே பிள்ளைகள் பழையபடி வாயை மூடிக்கொள்கிறார்கள்.

அடுத்த சீசனுக்குக் குடும்பங்கள் வந்திறங்கும் முன்பே புத்தகங்கள் பள்ளிக்கு வந்துவிட வேண்டும். கதைகளைத் தேர்ந்தெடுக்கவும் தமிழைச் சரிபார்க்கவும் எங்களைப் போன்ற தன்னார்வலர்களைக் கூப்பிடுங்கள், வருகிறோம்.

இப்படிக்கு,
கதைசொல்லித் தன்னார்வலர் ஒருவர்