பார்ப்பது கண் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த குவாண்டம் கட்டுரையில், 'மனிதன் பார்க்கும்வரை எலக்ட்ரானுக்கு இருப்பே இல்லை. பார்வைதான் உலகைப் படைக்கிறது' என்று ஒரு வரி. அதைக் கட்டம் கட்டி வேறு போட்டிருக்கிறீர்கள். மறுநாள் டீக்கடையில், "ஏன் சார், நாம பார்க்கலைன்னா வத்தல்மலையே இல்லையாமே?" என்கிறார்கள். 31 ஆண்டு பிளஸ் டூவுக்கு இயற்பியல் எடுத்தவன் தலையைக் குனிந்துகொண்டு டீ குடித்தேன்.

தங்களுக்குத் தெரியாததல்ல. 1926இல் இயற்பியலாளர் ஷ்ரோடிங்கர் எழுதிய சமன்பாட்டின்படி அலைச்சார்பு, அதாவது எலக்ட்ரான் போன்ற துகளின் நிலையைச் சொல்லும் கணக்கு, நொடிக்கு நொடி ஒழுங்காக மாறிக்கொண்டே போகிறது. அதில் தற்செயலுக்கு இடமில்லை. அளக்கும்போதுதான் நிகழ்தகவு வருகிறது; அதே ஆண்டு அதைச் சொன்னவர் மாக்ஸ் போர்ன். அளவீட்டில் உண்மையில் என்ன நடக்கிறது என்று அறிஞர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள், சரி. ஆனால் அளக்க மனிதக் கண் வேண்டும் என்று இருவர் கணக்கிலும் இல்லை.

என் மைத்துனர் பாலக்கோட்டில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தார். ஒரு கல்யாண ரோலில் வெளிச்சம் பட்டுவிட்டது, யாரும் கவனிக்கவில்லை. இரண்டு நாள் கழித்துக் கழுவியபோதுதான் பார்த்தோம். அதுவரை அது கெட்டும் கெடாமலும் இருந்தது என்று பெண்வீட்டாரிடம் சொல்லிப் பார்த்திருக்கலாம்.

கட்டுரையில் ஏழெட்டு வெளிநாட்டுப் பெயர்கள். சென்னை கிறித்தவக் கல்லூரியில் படித்த இயற்பியலாளர் இ.சி.ஜி. சுதர்சன் மட்டும் இல்லை. அடிக்கடி அளந்துகொண்டே இருந்தால் குவாண்டம் நிலை மாறாமல் நின்றுவிடும் என்று 1977இல் பைத்யநாத் மிஸ்ராவோடு சேர்ந்து எழுதியவர். 1990இல் அமெரிக்காவில் பெரிலியம் அயனிகளை வைத்துச் சோதித்தார்கள். அங்கே உற்றுப் பார்த்தது லேசர் துடிப்பு. துடிப்பு கூடக்கூட மாற்றம் குறைந்தது. எவரும் கண் கொட்டாமல் உட்கார்ந்திருக்கவில்லை.

இது என் நான்காவது கடிதம். போன வருடம் அலைச்சார்பின் வர்க்கத்தை அச்சிட்டபோது மேலே இருக்க வேண்டிய 2 கீழே விழுந்து கிடந்தது, அதற்கும் எழுதினேன். வாசகர் பகுதியில் ராசிக்கல் விளம்பரம் வந்தது. இடப் பற்றாக்குறை, புரிகிறது. எங்கள் ஊருக்கு வரும் பேப்பரில் இணைப்பு பாதி வாரம் இருப்பதே இல்லை, அது தனிக்கதை.

வருத்தம் தெரிவிக்கச் சொல்லவில்லை. 'பார்ப்பது என்பது இங்கே கருவி அளப்பதைக் குறிக்கும்' என்று ஒரு வரி திருத்தம் போடுங்கள். சின்ன எழுத்தில் போட்டாலும் போதும். அடுத்த முறை அந்த 2 வந்தால் மேலே போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியர்,
தருமபுரி