போட்டுக்குள்ள நிக்கிற ரெசின் நெடி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மண்டபம் பக்கத்துல இருந்து எழுதுறேன். எங்க வீட்டுக்காரர் பதினோரு வருசமா ஃபைபர் மீன்பிடி போட்டுக்கு (படகுக்கு) ரெசின்ங்கிற பிசின் அடிக்கிற வேலை பாக்குறார். ஏப்ரல் 15ல மீன்பிடி தடைக்காலம் ஆரம்பிச்சா 61 நாளும் ஒட்டு வேலை குவிஞ்சு கிடக்கும். போன தடைக்காலத்துல ஒரு சாயங்காலம் வாசப்படி ஏறும்போது தடுமாறி நிலையப் புடிச்சுக்கிட்டு நின்னார், பக்கத்து வீட்டு அக்கா குடிச்சிட்டு வந்திருக்கார்னே நெனச்சுட்டாங்க, அவர் ஒரு சொட்டு தொட்டவரில்ல. அன்னைக்குப் பூரா அணியத்துக்குள்ள, அதாவது போட்டோட முன்பக்கத்துக்குள்ள, குனிஞ்சு உக்காந்து கண்ணாடி இழை மேட்டு ஒட்டிருக்கார்.

ரெசின்ல மூணுல ஒரு பங்குக்கு மேலயே ஸ்டைரீன்ங்கிற ரசாயனம்தான். அது ஆவியாகி மூளையத்தான் தாக்கும், தலைவலி, கிறுகிறுப்பு, வருசக்கணக்கா சுவாசிச்சா காது மந்தமாகும், கலர் பிரிச்சுப் பாக்குறதும் குறையும். 2018ல சர்வதேச புற்றுநோய் ஆய்வு நிறுவனம் இது புற்றுநோய் உண்டாக்க வாய்ப்பிருக்குன்னு 2ஏ பிரிவுல சேத்திருக்கு. 2025 நவம்பர் வரைக்கும் இருந்த நம்ம 1948 தொழிற்சாலைகள் சட்டத்துல எட்டு மணி நேரத்துக்கு சராசரியா 50 பிபிஎம்தான் அளவு, அதாவது பத்து லட்சம் பங்கு காத்துல 50 பங்கு, கொஞ்ச நேரத்துக்குன்னாலும் 100 தாண்டக்கூடாதுன்னு இருந்துச்சு. அமெரிக்காவுல ஏசிஜிஐஹெச்ங்கிற நிபுணர் அமைப்பு தான் சொல்ற அளவ 2020ல 20லருந்து 10ஆ குறைச்சிருச்சு.

கேட்டா எல்லாரும் கடக்காத்து வீசுது ஒண்ணும் ஆகாதுன்றாங்க. அந்த ஆவி காத்தவிட கனம், போட்டோட அடியிலயே போய் தேங்கிரும், மேல எவ்வளவு காத்தடிச்சாலும் உள்ள உக்காந்திருக்கவருக்கு எட்டாது. முதல்ல நெடி தூக்கும், கொஞ்ச நேரத்துல மூக்கு மரத்துரும், நெடி போயிருச்சுன்னு நெனச்சு இன்னும் குனிஞ்சு வேலை பாக்குறாங்க. முகத்துல கட்டுற துண்டும் கொரோனா மாஸ்க்கும் ஆவிய நிறுத்தாது, கார்பன் கார்ட்ரிஜ் மாட்டுற மாஸ்க் வேணும், அடியிலருந்து காத்த உறிஞ்சி வெளிய தள்ளுற புளோயர் வேணும், அதுவும் பொறி பறக்காத மோட்டாரா இருக்கணும், பக்கத்துலயே ரெசின கழுவுற அசிட்டோன் இருக்குல்ல, சட்டுனு தீப்புடிச்சுரும். அந்த அசிட்டோன்லயே கை கழுவிக் கழுவி இவருக்கு விரல் இடுக்கெல்லாம் வெடிச்சுக் கிடக்கு, சோறு பிசையும்போது எரியுதுன்னு ஸ்பூன்ல சாப்பிடுறார்.

முதலாளியக் குத்தம் சொல்ல எழுதல, அவரும் அதே காத்தத்தான் சுவாசிக்கிறார். ஆனா கரண்ட் வெச்சு வேலை நடந்தாலும் பத்து பேர் இருந்தாத்தான் அந்தப் பழைய சட்டப்படி தொழிற்சாலை, அதுக்குப் பதிலா வந்த 2020 தொழிலாளர் பாதுகாப்புச் சட்டத்தொகுப்புல அதையும் 20 பேரா ஏத்திட்டாங்க, எங்க ஷெட்டுல நாலு பேர்தான், அந்த 50 பிபிஎம் அளவு யாருக்குன்னு எனக்குப் புரியல.

அடுத்த தடைக்காலத்துல மண்டபம், பாம்பன், தொண்டி பக்கம் ஷெட்டுகள்ல அதிகாரிங்க ஒரு தடவையாவது மீட்டர் வெச்சு போட்டுக்குள்ள காத்த அளந்து பாக்கணும். உங்க பேப்பர் இங்க எல்லா டீக்கடையிலயும் கிடக்கும், இவங்க வேலைக்குப் போற முன்னாடி அங்கதான் உக்காருவாங்க, அந்த 50ங்கிற நம்பரயும் மாஸ்க் விசயத்தையும் பெரிய எழுத்துல போடுங்க.

இப்படிக்கு,
வாசகி, மண்டபம்