உங்கள் பான்கேக் மாவுப் பாக்கெட்டில் தமிழ்ச் செய்முறை தவறாக இருக்கிறது

வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு,

வணக்கம். உங்கள் முட்டையில்லாத பான்கேக் மாவு, 500 கிராம் பாக்கெட் பற்றிய புகார் இது. போனில் இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டேன், புகார் எண்கூடக் கொடுக்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். பாக்கெட்டின் பின்பக்கம் ஆங்கிலத்தில் ஒரு செய்முறையும் தமிழில் வேறொரு செய்முறையும் இருக்கின்றன. பாலுக்குப் பதில் தயிர் ஊற்றுவதாக இருந்தால் ஒரு கப் மாவுக்குக் கால் தேக்கரண்டி சமையல் சோடா சேர்க்க வேண்டும், லேசாகக் கலக்கினால் போதும், 3 நிமிடம் விட்டு ஊற்றலாம் என்று ஆங்கிலத்தில் இருக்கிறது. தமிழில் சோடா என்ற வார்த்தையே இல்லை. "கட்டியில்லாமல் நன்றாக அடித்துக் கலக்கி 30 நிமிடம் ஊறவிடவும்" என்று போட்டிருக்கிறீர்கள். 3 நிமிடம் 30 நிமிடமாக மாறியது அச்சுப்பிழையா, மொழிபெயர்த்தவர் கவனக்குறைவா, எனக்குத் தெரியாது. ஆனால் தமிழில் படித்துச் செய்கிற யாருக்கும் உங்கள் மாவில் பஞ்சு போன்ற பான்கேக் வராது. எங்கள் வீட்டில் நடந்தது அதுதான்.

என் மகனுக்கு முட்டை ஒத்துக்கொள்ளாது. இரண்டு வயதில் ஒரு வாய் கேக் சாப்பிட்டு உதடு வீங்கி ஆஸ்பத்திரிக்கு ஓடிய நாளிலிருந்து, கடையில் எதை எடுத்தாலும் திருப்பிப் பார்த்துப் படித்துவிட்டுத்தான் வாங்குகிறேன். பள்ளியில் யாருக்காவது பிறந்தநாள் என்றால் எல்லோரும் கேக் சாப்பிடுவார்கள், இவன் வீட்டிலிருந்து எடுத்துப்போன கடலை மிட்டாயைச் சாப்பிடுவான். ஒரு நாளும் அழுததில்லை, அதுதான் எனக்குத் தாங்காது. அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் தயிர் ஊற்றி நானே பான்கேக் செய்து தருவேன். 1 கப் மைதா, 1 தேக்கரண்டி பேக்கிங் பவுடர், கால் தேக்கரண்டி ஆப்ப சோடா, 1 மேசைக்கரண்டி சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு, முக்கால் கப் கெட்டித் தயிர், கால் கப் பால், உருக்கிய வெண்ணெய் ஒரு மேசைக்கரண்டி. முட்டையின் இடத்தைத் தயிர் பார்த்துக்கொள்ளும். சிறிய அளவில் ஊற்றினால் ஏழெட்டு வரும், மேலே ஓட்டை ஓட்டையாக விழுந்ததும் ஒரே ஒரு முறை திருப்பிப் போட்டு, கரண்டியால் அழுத்தாமல் எடுத்தால் அவ்வளவு மெத்தென்று இருக்கும்.

இப்படி நானே செய்கிறவள் ஏன் உங்கள் பாக்கெட்டை வாங்கினேன் என்றால், மே மாதம் அவனுக்கு ஒன்பதாவது பிறந்தநாள், ஐந்து நண்பர்கள் வீட்டுக்கு வருவதாக இருந்தது, பான்கேக்கை அடுக்கி அதன் மேல் மெழுகுவர்த்தி வைக்க வேண்டும் என்று கேட்டான். கார்ட்டூனில் வருகிறதே, உயரமாக அடுக்கி மேலே தேன் வழிய, அதே மாதிரி. அன்று எனக்கு அலுவலகத்தில் அரை நாள்தான் விடுப்பு கிடைத்தது. உங்கள் பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருந்தது, முன்பக்கம் கொட்டை எழுத்தில் "முட்டை வேண்டாம், தயிர் போதும்" என்று இருந்தது. இரண்டு பாக்கெட் வாங்கி வைத்துவிட்டு, அத்தை, நான் வருவதற்குள் மாவைக் கலக்கி வையுங்கள், ஊற்றுவதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று என் மாமியாரிடம் சொல்லிவிட்டுப் போனேன்.

என் மாமியாரைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நாற்பது வருடமாக ஆப்பம் சுடுகிறார். எங்கள் தெருவில் யார் வீட்டில் விசேஷம் என்றாலும் ஆப்ப மாவுக்கு அவர் கையைத்தான் கேட்பார்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு உங்கள் தமிழ்ச் செய்முறையை வரி வரியாகப் படித்து, சொன்ன அளவில், சொன்ன மாதிரியே கலக்கியிருக்கிறார். 30 நிமிடம் என்றால் கடிகாரம் பார்த்து 30 நிமிடம். அந்த அரை மணி நேரம் அவருக்குத் தவறாகவே தோன்றவில்லை, ஏனென்றால் ஆப்ப மாவும் தோசை மாவும் வைக்க வைக்கத்தானே பொங்கும். அந்த மாவில் நுண்ணுயிர்கள் இருந்து காற்றை உண்டாக்கிக்கொண்டே இருக்கின்றன. உங்கள் மாவில் அப்படி எதுவும் கிடையாது. சோடா புளிப்போடு சேர்ந்ததும் காற்று வரும், அடுப்பில் ஏற்றாமல் காத்திருந்தால் அது வந்த வழியே போய்விடும். சோடா என்று ஒரு வார்த்தை தமிழில் இருந்திருந்தால் அவரே பிடித்திருப்பார். ஆப்பத்துக்குச் சோடா போடுவதாக இருந்தால் ஊற்றப் போகும்போதுதான் போட வேண்டும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்ததே அவர்தான்.

சரி, நான் வந்து அடுப்பைப் பற்றவைத்து ஊற்றினேன். முதல் பான்கேக் எழும்பவே இல்லை. கல் சூடு போதவில்லையோ என்று கொஞ்சம் விட்டு இரண்டாவது ஊற்றினேன், அதுவும் அப்படியே. ஓட்டை விழவில்லை, மேலே நிறம் ஏறவில்லை, உள்ளே பிசுபிசுவென்று, மென்றால் ரப்பர் மாதிரி இழுத்தது. பன்னிரண்டு ஊற்றி அடுக்கிய பிறகும் மெழுகுவர்த்தி குத்தி நிற்கிற அளவுக்கு உயரம் வரவில்லை. குழந்தைகள் எதுவும் சொல்லாமல் தேன் ஊற்றி ஆளுக்குப் பாதி சாப்பிட்டுவிட்டு வைத்துவிட்டார்கள். என் மகன் மட்டும் "நல்லா இருக்கு அப்பத்தா" என்று சொல்லி முழுதாகத் தின்றான். ராத்திரி பாத்திரம் கழுவும்போது என் மாமியார், "என்ற கைதான் ஏதோ சரியில்லாமப் போச்சு கண்ணு, வயசாயிருச்சு" என்றார். இந்தக் கடிதத்தை நான் எழுதுவதே அந்த ஒரு வார்த்தைக்காகத்தான்.

மறுநாள் உங்கள் எண்ணுக்குப் போன் செய்தேன். எடுத்தவர் மரியாதையாகத்தான் பேசினார், குறை சொல்லவில்லை. ஆனால் முதலில் தயிர் புளித்திருக்கும் என்றார். கோயம்புத்தூர் மே மாத வெயிலில் தயிர் சீக்கிரம் புளிக்கும் என்பது எங்களுக்கும் தெரியும், அதனால்தான் முந்தின ராத்திரி உறை ஊற்றி விடிந்ததும் ஃப்ரிட்ஜில் வைத்த தயிர் அது. அப்புறம் "மாவு கலக்கியவருக்குப் பழக்கம் இல்லாமல் இருக்கலாம் மேடம்" என்றார். பக்கத்தில் என் மாமியார் நின்றுகொண்டிருந்தார், போன் ஸ்பீக்கரில் இருந்தது.

அதன் பிறகு இரண்டாவது பாக்கெட்டை எடுத்து உட்கார்ந்தேன். அப்போதுதான் முதல் முறையாக ஆங்கிலப் பக்கத்தையும் படித்தேன், தமிழோடு ஒத்துவராததைக் கண்டேன். எது சரி என்று தெரிய வேண்டுமே என்று நாலு விதமாகக் கலக்கிப் பார்த்தேன். ஒவ்வொன்றுக்கும் அரை கப் மாவு, அதே தயிர், அதே தவா, அதே தீ, எடுத்ததும் மகனுடைய ஸ்கேலை வைத்து உயரம் பார்த்தேன். தமிழில் சொன்னபடி செய்தது 6 மில்லிமீட்டர். அதே தயிர் மாவைச் சோடா இல்லாமல், ஊற வைக்காமல் உடனே ஊற்றியது 9. தயிரை விட்டுவிட்டு வெறும் பால் ஊற்றிச் செய்தது 11, நிறமும் நன்றாக ஏறியது. ஆங்கிலத்தில் சொன்னபடி, தயிரோடு அந்த அளவுக்கான சோடாவும் சேர்த்து, கட்டி கட்டியாக இருந்தாலும் பரவாயில்லை என்று பத்துப் பன்னிரண்டு சுற்று மட்டும் கலக்கி, 3 நிமிடத்தில் ஊற்றியது 17 மில்லிமீட்டர். பிரித்துப் பார்த்தால் உள்ளே பஞ்சு. உங்கள் மாவில் குறையே இல்லை என்பது அப்போதுதான் புரிந்தது, அதனால் கோபம் இன்னும் அதிகமானது.

ஏன் இப்படி ஆகிறது என்பது உங்கள் தொழிற்சாலையில் இருப்பவர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும், ஆனாலும் போனில் பேசியவருக்காகச் சொல்கிறேன். பாக்கெட்டில் மாவை உப்பவைக்கும் பொருட்கள் என்று 500(ii), 450(i) என இரண்டு எண்கள் போட்டிருக்கிறீர்கள். முதலாவது சமையல் சோடா, இரண்டாவது அதற்கு இணையான அமிலம், சூடு பட்ட பிறகுதான் பெருமளவு வேலை செய்யக்கூடியது. பால் ஊற்றினால் இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று சரியாக இருக்கும், தவாவில் விழுந்ததும் எழும்பும். தயிர் ஊற்றினால் அதிலுள்ள லாக்டிக் அமிலம் அந்தச் சோடாவைக் கிண்ணத்திலேயே தின்றுவிடுகிறது. அரை மணி நேரம் வைத்தால் அந்தக் காற்றும் போய்விடும், சூட்டில் எழுப்ப மாவில் சோடா மிச்சம் இருக்காது. புளிப்பு அதிகமான மாவு சீக்கிரம் சிவக்காது, வெளுப்பாக இருந்ததற்குக் காரணம் அதுதான். தயிருக்கென்று தனியாகக் கால் தேக்கரண்டி சோடா சேர்ப்பது இதற்காகத்தானே, ஒரு கப் தயிரின் புளிப்பை முழுதாக எடுக்கவே கிட்டத்தட்ட அரை தேக்கரண்டி வேண்டும், கால் தேக்கரண்டி போட்டால் பாதி எடுபட்டு லேசான புளிப்பு மிஞ்சும், அதுதான் ருசி. அப்புறம் அந்த "நன்றாக அடித்துக் கலக்கி". மைதாவை அடிக்க அடிக்க இழுவை வரும். பரோட்டாவுக்கு அது வேண்டும், பான்கேக்குக்கு ஆகாது.

இந்தக் கணக்கையெல்லாம் வாங்குகிறவர்கள் போட வேண்டியதில்லை. அதைப் போட்டுத் தரத்தான் உங்களுக்குக் காசு கொடுக்கிறோம். இதைச் சொல்லும்போது எனக்கு ஒருவர் ஞாபகம் வருகிறார். இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகரில் ஆல்ஃபிரட் பேர்ட் என்று ஒரு மருந்துக் கடைக்காரர், மனைவிக்கு முட்டை ஒத்துக்கொள்ளாது என்பதால் 1837இல் முட்டையில்லாத கஸ்டர்டு பவுடர் செய்தார், ஈஸ்ட்டும் அந்த அம்மாவுக்கு ஆகாது என்பதால் 1843இல் ரொட்டியை எழுப்பப் பேக்கிங் பவுடர் செய்தார். என் மகனுக்குப் பேக்கிங் பவுடர் டப்பாவைக் காட்டி இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறேன், அவனுக்கு ரொம்பப் பிடிக்கும். முட்டை சாப்பிட முடியாத வீடுகளை நம்பித்தான் நீங்களும் இந்தப் பாக்கெட்டை விற்கிறீர்கள். முட்டை போடுகிற வீட்டில் சோடா குறைந்தாலும் முட்டை ஓரளவு தாங்கிப் பிடிக்கும், எங்களுக்கு அந்தக் கால் தேக்கரண்டிதான் எல்லாம்.

இரண்டாவது முறை போன் செய்து செய்முறை மாறியிருப்பதைச் சொன்னபோது, குறித்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டு 100 ரூபாய்க் கூப்பன் அனுப்பினீர்கள். அது எனக்கு வேண்டாம். நான் பயன்படுத்தவும் இல்லை.

நான் கேட்பது இதுதான். தமிழ்ச் செய்முறையைத் திருத்தி அச்சடியுங்கள், அதற்குள் கடைகளில் இருக்கும் பாக்கெட்டுகளில் சரியான தமிழ்க் குறிப்பை ஒட்டுங்கள், அதுவரை உங்கள் இணையதளத்திலாவது தமிழில் போடுங்கள். போனில் பேசுகிறவர்களுக்கு இந்தத் தவறைத் தெரியப்படுத்துங்கள், அடுத்து கூப்பிடுகிற அம்மாவிடமும் உங்கள் தயிர்தான் சரியில்லை என்று சொல்லிவிடக் கூடாது. வீணான முதல் பாக்கெட்டின் விலை 185 ரூபாயைத் திருப்பிக் கொடுங்கள், இரண்டாவது பாக்கெட்டுக்கு எதுவும் வேண்டாம். மற்ற மொழிகளில் அச்சடித்த பாக்கெட்டுகளையும் ஒரு முறை சரிபாருங்கள். அச்சுக்குப் போகும் முன் தமிழ்ப் பக்கத்தைப் படித்துப் பார்க்க ஆள் இல்லையென்றால் எனக்கு அனுப்புங்கள், காசு வாங்காமல் படித்துத் தருகிறேன்.

15 நாளுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகாரைப் பதிவு செய்வேன். பாக்கெட்டின் இரண்டு பக்கப் படங்கள், தொகுதி எண் தெரியும் படம், பில், ஸ்கேலோடு எடுத்த நாலு பான்கேக் படங்கள் எல்லாவற்றையும் இணைத்திருக்கிறேன்.

இன்னொன்று. கலக்கியவருக்குப் பழக்கம் இல்லை என்று சொன்னீர்களே, அதற்கு என் மாமியார் பெயருக்குத் தனியாக ஒரு கடிதம் அனுப்புங்கள். தவறு பாக்கெட்டில்தான், அவர் கையில் இல்லை என்று அதில் இருக்க வேண்டும். நான் ஸ்கேல் வைத்துக் காட்டியும் அவர் இன்னும் முழுதாக நம்பவில்லை, நீங்கள் சொன்னால் நம்புவார். கடிதம் தமிழில் இருக்கட்டும், அவருக்குத் தமிழ்தான் படிக்க வரும்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
கோயம்புத்தூர்